முன்னால் திறந்தால் பின்னால் மூடும்

அவளுடைய பயம் குடியிருந்த இடம் பேருந்தின் வலப்பக்கக் கண்ணாடி. நகரப் பேருந்து ஓட்டத் தொடங்கிப் பதினோரு வருடம் ஆகிறது. இடப்பக்கக் கண்ணாடியில் ஏறுகிறவர், இறங்குகிறவர், ஓடி வந்து கையாட்டுகிறவர் என்று மனிதர்கள் தெரிவார்கள். வலப்பக்கத்தில் தெரிவது சந்து. தன் வரிசைக்கும் பக்கத்து வரிசைக்கும் நடுவே இரண்டு முழ அகலத்துக்குக் கிடக்கும் அந்தச் சந்தில் எந்த நேரமும் ஒரு மோட்டார் சைக்கிள் முளைக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அப்படி முளைத்த ஒருவன் அவள் பேருந்தின் முன்னால் சறுக்கி விழுந்தான். பிரேக்கை மிதித்தாள். அதற்குள் முன் சக்கரம் எதன் மேலோ மெத்தென்று ஏறி இறங்கிவிட்டது. ஏறியது அவன் முதுகுப்பை மேல்தான். உள்ளே சாப்பாட்டு டப்பா நசுங்கியிருந்தது. அவன் எழுந்து, "சாரிக்கா, என் தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். ஆனால் அது பைதான் என்று தெரிவதற்கு முந்தைய அரை நிமிடம் இருக்கிறதே, அது மட்டும் போகவில்லை. இன்றைக்கும் வேகத்தடையில் ஏறி இறங்கினால், அவள் ஒரு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டுத்தான் மேலே போவாள்.

அவள் பணிமனையில் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். பெயர் 'மூக்கு விடுவது'. கண்டுபிடித்தவர் குண்டூசி என்கிற சக ஓட்டுநர். ஆறடி உயரம், அதற்குத் தகுந்த உடம்பு கிடையாது, கழுத்துக்கு மேல் மட்டும் கொஞ்சம் உருண்டையாக ஒரு தலை. வேறு என்ன பெயர்தான் வைப்பார்கள்? நெரிசலில் இரண்டு பேருந்துகள் பக்கத்துப் பக்கத்தில் நின்றால், ஓர் ஓட்டுநர் முன்பக்கக் கண்ணாடியை இரண்டு தட்டு தட்டுவார். இரண்டு பேரும் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஒரு அடி நகர்த்தி, வண்டியின் மூக்கை வரிசைகளுக்கு நடுவேயுள்ள கோட்டுக்கு மேல் விடுவார்கள். சந்து அடைந்துவிடும். பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரர்கள் எவ்வளவு ஹாரன் அடித்தாலும் வரிசையில்தான் நிற்க வேண்டும். விதிப் புத்தகத்தில் இப்படி ஒன்று கிடையாது, அதிகாரிகளுக்குத் தெரிந்தால் சீட்டு கிழியும். ஆனாலும் எல்லோரும் செய்தார்கள். மற்றவர்கள் எரிச்சலில் செய்தார்கள். அவள் பயத்தில் செய்தாள். சந்தை அடைத்தால் ஓர் உயிரைக் காப்பாற்றியதாக அவளுக்குக் கணக்கு.

இதில் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு: சந்தில் ஏற்கெனவே ஆள் நுழைந்திருந்தால் மூக்கு விடக்கூடாது. பேருந்து பின் சக்கரத்தோடு முடிவதில்லை. அதற்குப் பின்னாலும் ஓர் ஆள் நீளத்துக்கு வால் இருக்கிறது. விட்ட மூக்கை நேராக்க ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் அந்த வால் அந்தப் பக்கம் வீசும். முன்னால் திறந்தால் பின்னால் மூடும். ஓட்டக் கற்கிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது இது.

இந்த வருடம் பயம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. பதினாறு வருடம் லேத் ஓட்டிய கணவரை ஆலை வீட்டுக்கு அனுப்பியது. மூன்று மாதம் சும்மா இருந்து பார்த்தவர், ஒருநாள் நீலச் சட்டையும் பின்னால் நீலப் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளுமாக வந்து வாசலில் நின்றார். ஆய்வகத்திலிருந்து மருத்துவமனைக்கு, மருத்துவமனையிலிருந்து ரத்த வங்கிக்கு என்று மாதிரிகளையும் ரத்தப் பைகளையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் கம்பெனி. அவள் சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அந்த வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போதாததற்குச் சாலைத் துறை அதே மாதம் ஓர் அறிவிப்பை ஒட்டியது. ஆறு மாதச் சோதனையாக, வண்டிகள் நின்றுகிடக்கும்போது மோட்டார் சைக்கிள்கள் இரண்டு வரிசைகளுக்கு நடுவே மெதுவாகப் போகலாமாம். பணிமனையே கொதித்தது. ரத்து செய்யச் சொல்லி எழுதிய மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது.

அன்று வீட்டிலும் பேச்சு முற்றியது.

"நின்னுக்கிட்டிருக்கற வண்டிக்கு நடுவுல மெதுவாப் போறதுல என்ன ஆபத்து?" என்றார் கணவர். "வரிசையில நின்னாத்தான் ஆபத்து. பின்னாடி வர்றவன் போனைப் பார்த்துக்கிட்டே வந்து ஏத்தினா, முன்னாடி காருக்கும் அவனுக்கும் நடுவுல நான் அப்பளம்."

"எனக்கு நியாயமெல்லாம் சொல்லாதீங்க. மேல உட்கார்ந்து பார்க்கறவ நான். நீங்க எங்களுக்குத் தெரியவே மாட்டீங்க. தெரியறப்ப லேட்டாயிருக்கும்."

"அவசர டிரிப்னு ஒண்ணு இருக்கே?"

"எந்த அவசரத்துக்கும் நடுவுல போக மாட்டேன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் நான் நாளைக்கு ஸ்டீயரிங் பிடிப்பேன். இல்லேன்னா ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்து சுவத்தைப் பார்ப்போம்."

"சரி, போக மாட்டேன்" என்றார் கணவர். சொன்னால் சொன்னதுதான்; லேத்தில் நூலளவு பிசகாமல் கடைந்த மனிதர். அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

ஐந்து மாதம் போனது. ஒரு புதன்கிழமை, முற்பகல் பதினொன்று. ஆற்றுப் பாலத்தின் மேல் போக்குவரத்து அடியோடு நின்றுவிட்டது. அவள் இடப்பக்க வரிசையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றாள்; சுவருக்கும் பேருந்துக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற மேடைதான். வலப்பக்க வரிசையில் குண்டூசியின் பேருந்து. இரண்டிலும் கூட்டம். வெயில் கண்ணாடியில் அறைந்தது. குண்டூசி இடப்பக்கமாகக் குனிந்து அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டி, கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டினார்.

அவள் பழக்கப்படி முதலில் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தாள்.

சந்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. நீலச் சட்டை. நீலப் பெட்டி. கறுப்புத் தலைக்கவசம்.

சொன்ன வாக்கைக் காற்றில் விட்டுவிட்டாரா? ஐந்து மாதமாகவே விட்டிருக்கிறாரா? அந்த நீலம் பேருந்தின் வாலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. முன்னால் வரிசை எந்த நொடியும் நகரலாம்; நகர்ந்தால் அவர் இரண்டு பேருந்துகளுக்கும் நடுவில். நிறுத்த வேண்டும், அங்கேயே நிறுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் தலைக்குள் இல்லை. 'நில்லுங்க அங்கேயே!' என்று உள்ளே கத்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்பி, காலை பிரேக்கிலிருந்து தளர்த்தினாள். மூக்கு கோட்டைத் தாண்டியது. குண்டூசியும் தன் மூக்கை விட்டார். சந்து அடைந்தது. நீலச் சட்டை பேருந்தின் பின்பாதிக்கருகே தடுமாறி நின்றது.

உள்ளே ஆள் இருக்கும்போது விடக்கூடாது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது.

அதே நொடி முன்னால் வரிசைகள் நகர்ந்தன. குண்டூசி அவளைப் பார்க்கவில்லை. முன்னாலிருந்த காரைப் பார்த்தார். ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் ஒடித்துக் கிளம்பினார். அவருடைய மூக்கு விலகியது. பின்னால், அவருடைய வால் சந்துக்குள் வீசியது.

அவள் ஹாரனை அழுத்தினாள். அன்று பாலத்தில் நூறு ஹாரன்கள் அடித்துக்கொண்டிருந்தன. அதில் அவளுடையது நூற்றி ஒன்று. டொக்கென்று ஒரு சத்தம் கேட்டது, பெரிய சத்தமெல்லாம் இல்லை. கண்ணாடியில் நீலத்தைக் காணவில்லை.

குண்டூசி அரை பஸ் நீளம் போய், மறுபடி நெரிசலில் நின்றார். அவள் முன்னால் நாலு கார் நிற்கிற அளவுக்கு இடம் காலியாகக் கிடந்தது. பின்னால் இருந்தவர்கள் சும்மா விடுவார்களா?

"என்னம்மா, தூங்கிட்டியா? போம்மா!" என்று பேருந்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

போக முடியாது. மூக்கு வலப்பக்கம் திரும்பி நிற்கிறது. முன்னால் எடுக்க வேண்டுமானால் இடப்பக்கம் ஒடித்தாக வேண்டும். ஒடித்தால் வால் வீசும், வாலருகே அவர் கிடக்கிறார். பின்னால் எடுத்தால் சக்கரம். ஒரு அங்குலம் எந்தப் பக்கம் போனாலும் போச்சு. அவள் இரண்டு காலையும் சேர்த்து பிரேக்கில் ஊன்றினாள். கைப்பிரேக்கை இழுத்தாள். இழுத்ததை நம்பாமல் இன்னொரு தடவை இழுத்தாள்.

"கடைசி சீட்டுல இருக்கறவங்க... வலப்பக்கம் ஜன்னல்ல பாருங்க. யாராவது கிடக்கறாங்களா?" என்று பின்பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"யாரும் தெரியலையேம்மா" என்றார் கடைசி இருக்கைக்காரர்.

யாரும் தெரியவில்லை என்றால் பேருந்தின் அடியில் என்று அர்த்தம். எஞ்சினை அணைத்தாள். கதவைத் திறந்து, நடைமேடையில் இறங்கினாள். பேருந்து பன்னிரண்டு மீட்டர் நீளம் என்று பயிற்சியில் மனப்பாடம் செய்திருக்கிறாள். அந்தப் பன்னிரண்டு மீட்டரையும் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். 'பையாக இருக்கட்டும், பையாக இருக்கட்டும்' என்று உதடு முணுமுணுத்தது. பின்பக்கம் சுற்றி வளைக்குமுன் ஒரு கணம் நின்றுவிட்டாள். பார்க்காத வரைக்கும் அவர் உயிரோடு இருக்கிறார்.

பார்த்தாள். மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. அதன் கீழே ஒரு கால். நீலச் சட்டை பேருந்தின் வாலடியில் பாதி நுழைந்திருந்தது. தலைக்கவசம் பின் சக்கரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் தரையில் விழுந்து ஊர்ந்து, தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியைத் தூக்கினாள்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். கண் திறந்திருந்தது.

அவர் இல்லை! அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'அவர் இல்லை, அவர் இல்லை' என்று நெஞ்சு கூத்தாடியது. கூத்தாடிய வேகத்திலேயே தன்னைக் கண்டு கூசியது. கீழே கிடப்பதும் யாரோ பெற்ற பெண்தானே?

"அக்கா," என்றாள் அந்தப் பெண், "பஸ்ஸை எடுத்துராதீங்கன்னு சொல்லுங்கக்கா."

"எடுக்க மாட்டாங்கம்மா. நான்தான் எடுக்கணும். எடுக்க மாட்டேன்."

அதற்குள் குண்டூசி ஓடி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "நான் பார்க்கலையே, சத்தியமா நான் பார்க்கலையே" என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. இரண்டு பயணிகள் மோட்டார் சைக்கிளைத் தூக்கி நடைமேடையில் சாய்த்தார்கள். பெண்ணை மெல்ல வெளியே எடுத்தார்கள். கணுக்கால் வீங்கிக்கொண்டிருந்தது, மற்றபடி முழுசாக இருந்தாள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னார்கள். இந்த நெரிசலில் அது எங்கே எப்போது வர?

பெண் தன் காலைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். "உடைஞ்சிருக்காக்கா? உள்ள நாலு பை ரத்தம். ஆபரேஷன் தியேட்டர்ல வயித்தைத் திறந்து வச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்காங்க."

பெட்டி உடையவில்லை. பெண் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேற ஆள் யாராவது பாலத்துக்கிட்ட இருக்காங்களாண்ணே? நான் விழுந்துட்டேன்."

"ஐயோ. இரு, பார்க்கறேன்..." என்றது எதிர்க்குரல். "மேப்புல பக்கத்துல வரிசைக்காரரைத்தான் காட்டுது. பாலத்து ஏத்தத்துலயே நிக்கறாரு. அவரு இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். வர மாட்டாரே!"

"வரிசைக்காரரா? அது யாரு?" என்று அவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள்.

"எங்ககூட ஒரு அண்ணன் இருக்காருக்கா. எவ்வளவு நெரிசல்னாலும் வரிசையிலதான் நிப்பாரு. சந்துல போகமாட்டேன்னு பொண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்திருக்காராம். இந்த டிரிப்கூட முதல்ல அவருக்குத்தான் வந்துச்சு. அவசரம்னா அவர்கிட்டேருந்து எடுத்து எனக்குத் தள்ளிடுவாங்க. நான் சந்துல போவேன்ல?"

ஐந்து மாதமாக அவள் நிம்மதியாகத் தூங்கிய தூக்கம் முழுவதும் இந்தப் பெண்ணின் தலையில் ஏறியிருக்கிறது. தன் போனை எடுத்தாள். கணவரை அழைத்தாள்.

"சொல்லு" என்றார் கணவர். "நான் பாலத்துல மாட்டிக்கிட்டேன். வரிசையிலதான் நிக்கறேன், பயப்படாத."

"நடுவுல வாங்க."

"என்னது?"

"சந்துல வாங்க. நானும் பாலத்துலதான் இருக்கேன், உங்களுக்கு முன்னாடி. இங்க உங்க கம்பெனிப் பொண்ணு விழுந்து கிடக்குது. ரத்தம் போகணும்."

"எனக்கு அப்படி ஓட்டிப் பழக்கமே இல்லையே. நீதானே..."

"ஆமா, நான்தான் போகாதீங்கன்னேன். இப்ப நான்தான் வாங்கங்கறேன். மெதுவா வாங்க. ஐயோ, மெதுவா வாங்க."

அவர் வந்தார். பேருந்துக்குப் பின்னால் சந்தின் நடுவில் நின்று அவள் பார்த்தாள். மேலிருந்து கண்ணாடியில் பார்த்தே பழகியவளுக்குச் சந்து எவ்வளவு குறுகல் என்பது கீழே நின்றபோதுதான் புரிந்தது. அவர் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு, கைப்பிடி அலைய, முதல் நாள் சைக்கிள் கற்கிறவரைப் போல வந்தார். ஒரு வேனின் கண்ணாடியில் இடித்து, நின்று, மன்னிப்புக் கேட்டு, மறுபடி வந்தார். கார்களின் ஒவ்வொரு முன் சக்கரமும் திரும்பப்போவதாகவே அவளுக்குத் தோன்றியது. திடீரென்று ஒரு காரின் கதவு திறந்தது. என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒரு மகராசன் இறங்கப் போனார். அவள் பாய்ந்தோடி அந்தக் கதவை இடுப்பாலேயே இடித்துச் சாத்தினாள். "உள்ள உட்காருய்யா!" என்று அவள் கத்திய கத்தலில் அவர் சீட்பெல்ட்டையும் சேர்த்து மாட்டிக்கொண்டார்.

கணவர் வந்து நின்றபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. பெட்டியை மாற்றிக் கட்டினார்கள். பெண் தரையில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "அண்ணே, கண்ணாடியைப் பார்க்காதீங்க. கார்க்காரங்க முன் சக்கரத்தைப் பாருங்க. அதுதான் முதல்ல திரும்பும். பஸ்ஸு பக்கத்துல மட்டும் நிக்கவே நிக்காதீங்க."

அவர் தலையாட்டினார். மனைவியைப் பார்த்தார். "போகட்டுமா?"

வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்தது. "வால் வீசும். நான் வண்டியை நேராக்கறவரைக்கும் பின்னாடியே நில்லுங்க. கையைக் காட்டினதும் வாங்க" என்றாள்.

பெண்ணைப் பேருந்தில் ஏற்றி முதல் இருக்கையில் உட்காரவைத்தார்கள். அவள் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். குண்டூசி பின்னால் நின்று, "வா... வா... இன்னும் கொஞ்சம்" என்று குரல் கொடுத்தார். விரலளவு விரலளவாக மூக்கை வெளியே எடுத்தாள். சந்து திறந்தது. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினாள். மோட்டார் சைக்கிள் அவள் முழங்கையை உரசுகிற தூரத்தில் போனது. அவர், அந்தப் பெண் சொன்னபடியே, கண்ணாடியைப் பார்க்காமல் போனார். இரண்டு லாரிகளுக்கு நடுவே அந்த நீலம் நுழைந்தது, பிறகு தெரியவில்லை.

தான் அழுதுகொண்டிருப்பது பெண் கேட்டபிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"ஏன்க்கா அழறீங்க? எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையே."

"அந்த வரிசைக்காரரோட பொண்டாட்டி நான்தான்மா." நிறுத்த முடியவில்லை, மிச்சமும் வந்தது. "நான்தான் மூக்கை விட்டேன். கண்ணாடியில உன்னைப் பார்த்துட்டுத்தான் விட்டேன். அவருன்னு நெனச்சுட்டேன்."

பெண் தன் வீங்கிய காலைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டாள். கோபப்படுவாள் என்று அவள் காத்திருந்தாள். பெண் கோபப்படவில்லை. புரியாமல் கேட்டாள்:

"அவராவே இருந்தாலும்... எப்படிக்கா விட்டீங்க?"

பின்னால் ஹாரன்கள் மறுபடி தொடங்கின. முன் வரிசை நகர்ந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்து, சந்தில் யாரும் இல்லை என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டு, வண்டியை எடுத்தாள். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று கணவரிடமிருந்து போன் வர இன்னும் நேரம் இருந்தது.